மாட்டு குரோமோசோம் வரைபடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கால்நடை மருத்துவம் படிக்கும் பிள்ளைகள், பால் பண்ணை நடத்துபவர்கள், பள்ளியில் உயிரியல் எடுப்பவர்கள் என்று யாரிடம் மாட்டு ஜீனோம், அதாவது மாட்டின் மொத்த டிஎன்ஏ பற்றிப் பேச ஆரம்பித்தாலும் பேச்சு இந்தப் பத்துப் பதினைந்து சந்தேகங்களில்தான் வந்து நிற்கிறது. குரோமோசோம் ஆய்வகத்தில் மைக்ரோஸ்கோப் முன்னால் பல வருடம் உட்கார்ந்தவன் என்பதால் என்னிடம்தான் கேட்பார்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். முதலிலிருந்து படியுங்கள், பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் பேசும்.

மாட்டுக்கு எத்தனை குரோமோசோம்? மனுஷனை விட ஜாஸ்தியா?

ஜாஸ்திதான். நமக்கு 46, மாட்டுக்கு 60. அதில் 29 ஜோடி சாதாரண குரோமோசோம்கள், ஒரு ஜோடி ஆணா பெண்ணா என்று முடிவு செய்யும் குரோமோசோம்கள். பசுவுக்கு இரண்டு எக்ஸ், காளைக்கு ஒரு எக்ஸ் ஒரு ஒய்.

எண்ணிக்கை கூடுதல் என்பதால் டிஎன்ஏ கூடுதல் என்று நினைத்துவிட வேண்டாம். மாட்டின் ஒரு செட் ஜீனோம் சுமார் 270 கோடி எழுத்து (டிஎன்ஏ இழையில் வரிசையாக நிற்கும் அலகுகளைத்தான் எழுத்து என்கிறேன்), நம்முடையது 300 கோடியை ஒட்டி வரும். மாட்டில் அந்தச் சரக்கைச் சின்னச் சின்ன மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். இருப்பதில் பெரியது 1ஆம் குரோமோசோம், ஏறக்குறைய 15.8 கோடி எழுத்து. சிறியது 25ஆம் குரோமோசோம், 4.2 கோடி எழுத்து.

அறுபதையும் மைக்ரோஸ்கோப்ல பாத்தாலே எது எதுன்னு தெரிஞ்சிடாதா?

தெரியாது, அதுதான் மாட்டின் தனிச் சிக்கல். ரத்தத்தை எடுத்து வெள்ளை அணுக்களை மூன்று நாள் வளர்த்து, கோல்சிசின் போட்டுப் பிரிவதை நடுவழியில் நிறுத்தி, உப்புக் கரைசலில் உப்பவைத்து, மெத்தனாலும் அசிட்டிக் அமிலமும் 3:1 கலந்த கலவையில் கழுவி, குளிர்ந்த கண்ணாடித் தகட்டில் கொஞ்சம் உயரத்திலிருந்து ஒரு சொட்டு விடுவோம். காய்ந்ததும் ஜீம்சா சாயம். பார்த்தால் கொண்டை ஊசிகளைத் தரையில் கொட்டின மாதிரி இருக்கும். 29 ஜோடியும் ஒரே வடிவம்தான், சென்ட்ரோமியர், அதாவது குரோமோசோமின் இரண்டு பிரதிகளும் சேர்ந்திருக்கும் இடுப்பு, ஒரு நுனியிலேயே உட்கார்ந்திருக்கும், கீழே இரண்டு கால்கள். பசுவின் தகட்டில் எக்ஸ் மட்டும் இரண்டு பக்கமும் கை நீட்டிக்கொண்டு தனியாகத் தெரியும்.

மனிதக் குரோமோசோம்களை நீளத்தையும் சென்ட்ரோமியர் இருக்கும் இடத்தையும் வைத்து ஓரளவு பிரித்துவிடலாம். மாட்டில் நீளம் மட்டும்தான் கைகொடுக்கும், அதுவும் படிப்படியாகக் குறைந்துகொண்டே போவதால் 12க்கும் 13க்கும் நடுவே கண்ணால் கோடு போட முடியாது. டிரிப்சின் என்ற நொதியைக் கொண்டு குறுக்கே கருப்பு வெளுப்புப் பட்டை வரவழைத்த பிறகுதான் ஒவ்வொன்றுக்கும் முகம் கிடைத்தது. அந்தப் பட்டைகளை வைத்து 1976இல் இங்கிலாந்தின் ரெடிங் நகரத்தில் கூடி முதல் பொது வரிசை எண்ணை முடிவு செய்தார்கள்.

வரைபடம் வரைபடம்னு சொல்றீங்களே, அது ஃபோட்டோவா இல்ல லிஸ்ட்டா?

லிஸ்ட்தான், ஆனால் வரிசை மாறாத லிஸ்ட். பஸ் தடத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: எந்த ஊருக்கு அப்புறம் எந்த ஊர், நடுவில் எவ்வளவு தூரம். ஊருக்குப் பதிலாக மார்க்கர், அதாவது டிஎன்ஏவில் அடையாளம் தெரிந்த ஒரு சின்னத் துண்டு. தடத்துக்குப் பதிலாகக் குரோமோசோம்.

தூரத்தை நாம் 'ரெண்டு மணி நேரம்' என்றும் சொல்வோம், '90 கிலோமீட்டர்' என்றும் சொல்வோம் இல்லையா, இங்கேயும் அப்படித்தான். பரம்பரையைப் பார்த்துக் கணக்கிடும் தூரம் நேரத்தைப் போன்றது, இடத்துக்கு இடம் கூடும் குறையும், அதன் அலகு சென்டிமார்கன். எழுத்துகளை எண்ணிச் சொல்லும் தூரம் கிலோமீட்டரைப் போன்றது. இரண்டு வரைபடத்திலும் தூரம் வேறுபடலாம், ஆனால் ஊர்களின் வரிசை ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டில் ஒன்று தப்பு.

அதான் டிஎன்ஏவை எழுத்து எழுத்தா படிச்சாச்சே, அப்புறம் வரைபடம் எதுக்கு?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வியும்கூட. எந்த இயந்திரமும் ஒரு குரோமோசோமை நுனியிலிருந்து நுனி வரை ஒரே மூச்சில் படிப்பதில்லை. மாட்டு ஜீனோமை முதலில் படித்த காலத்தில் ஒரு தடவைக்கு 700, 800 எழுத்துதான் கிடைக்கும். அப்படிக் கோடிக்கணக்கான துண்டுகளைப் படித்து, ஒன்றின் வாலும் இன்னொன்றின் தலையும் பொருந்துகிறதா என்று பார்த்து ஒட்டவேண்டும்.

ஒட்டுவது எங்கே மாட்டிக்கொள்கிறது என்றால், திரும்பத் திரும்ப வரும் பகுதிகளில். மாட்டு ஜீனோமில் கிட்டத்தட்ட பாதி இப்படிப்பட்டதுதான். போவ்-பி என்று ஒரு துண்டு இருக்கிறது, பாம்பு, பல்லி வகைகளிலும் காணப்படுவது, எப்போதோ இனம் விட்டு இனம் தாவி வந்திருக்கிறது, அது மாட்டுக் குரோமோசோம்கள் முழுக்க ஆயிரமாயிரம் பிரதிகளாகப் பரவிக் கிடக்கிறது. ஒரே பல்லவி நூறு பாட்டில் வந்தால், கிழிந்த காகிதத்தில் பல்லவி மட்டும் இருக்கும்போது அது எந்தப் பாட்டு என்று எப்படிச் சொல்வது? கம்ப்யூட்டர் அங்கே நின்றுவிடும், அல்லது, இதுதான் ஆபத்து, தப்பான இரண்டு துண்டுகளை நன்றாகவே ஒட்டிவிடும்.

வரைபடம் அங்கேதான் வேலைக்கு வருகிறது. ஒட்டிய ஒரு பெரிய துண்டில் மூன்று மார்க்கர் இருந்து மூன்றும் 7ஆம் குரோமோசோமில் அதே வரிசையில் இருந்தால் துண்டை அங்கே வைக்கலாம், எந்தப் பக்கம் பார்த்து வைக்க வேண்டும் என்பதும் தெரியும். இரண்டு மார்க்கர் 7லும் ஒன்று 15லும் இருந்தால் ஒட்டியதில் எங்கோ கோளாறு, வெட்டிப் பார்க்கவேண்டும்.

சரி, எழுத்தே படிக்காம வரிசையை மட்டும் எப்படிக் கண்டுபிடிச்சாங்க?

குடும்பத்தைப் பார்த்துத்தான். விந்தணுவும் கருமுட்டையும் உருவாகும்போது ஜோடிக் குரோமோசோம்கள் தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும். அடுத்தடுத்து இருக்கும் இரண்டு மார்க்கர் பிரியாமல் சேர்ந்தே கன்றுக்குப் போகும், தள்ளி இருப்பவை அடிக்கடி பிரியும். எத்தனை கன்றில் பிரிந்தது என்று எண்ணினால் தூரம் கிடைத்துவிடும்.

இந்தக் கணக்குக்கு மாட்டைப் போல வசதியான பிராணி குறைவு. சினை ஊசி வந்தபிறகு ஒரே பொலிகாளைக்கு ஆயிரக்கணக்கில் மகள்கள், ஒவ்வொன்றுக்கும் பால் பதிவேடு. மனிதரில் இப்படி ஒரு குடும்பம் கிடைக்குமா? 1994இல் முதல் பெரிய பரம்பரை வரைபடங்கள் வந்தன, 1997இல் நெப்ராஸ்காவின் க்ளே சென்டரில் உள்ள அமெரிக்க விவசாயத் துறை ஆய்வு மையம் 1,250 மார்க்கரோடு ஒன்றை வெளியிட்டது, 2004க்குள் 3,800ஐத் தாண்டிவிட்டார்கள். இன்னொன்றும் சொல்லவேண்டும். மனிதரில் இந்தத் துண்டு மாற்றம் பெண்ணிடம் அதிகம், மாட்டில் காளையிடம்தான் சற்று அதிகம்.

மாட்டு செல்லைக் கதிர்வீச்சுல உடைச்சு ஹாம்ஸ்டர் செல்லோட சேத்தாங்களாமே, நிஜமா?

நிஜம்தான். பரம்பரை வரைபடத்துக்கு ஒரு எல்லை உண்டு: மிக நெருங்கிய இரண்டு மார்க்கரைப் பிரிக்க எத்தனை கன்று இருந்தாலும் போதாது. அதனால் இயற்கை பிரிப்பதற்குக் காத்திராமல் நாமே உடைப்பது. மாட்டு செல்லுக்கு 5,000 ராட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு கொடுத்தால் குரோமோசோம்கள் நொறுங்கும், அந்த செல் பிழைக்காது. அதை ஹாம்ஸ்டர் செல்லோடு இணைத்துவிட்டால் நொறுங்கிய துண்டுகளில் சில ஹாம்ஸ்டர் குரோமோசோம்களுக்குள் போய்ப் புகுந்துகொள்ளும். அந்த ஹாம்ஸ்டர் செல்லில் முக்கியமான ஒரு நொதி இருக்காது, தனியாக விட்டால் வளர்ப்பு ஊடகத்தில் செத்துப்போகும். மாட்டிடமிருந்து அந்த நொதியின் மரபணு வந்து சேர்ந்தவை மட்டுமே வளரும். வளர்ந்ததெல்லாம் கலப்பு என்று இப்படித்தான் உறுதியாகிறது.

டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் வோமாக் குழு 1997இல் வெளியிட்ட செல் தொகுப்பு இப்படி வந்தது, சுமார் 90 செல் வரிசைகள். ஒரு மார்க்கர் எந்தெந்த வரிசையில் இருக்கிறது, எதில் இல்லை என்று சோதித்து எழுதிக்கொள்ளவேண்டும். இரண்டு மார்க்கரின் 'இருக்கு, இல்லை' பட்டியல் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் அவை பக்கத்துப் பக்கத்து வீடு. பின்னால் 12,000 ராட் கொடுத்து இன்னும் பொடியாக உடைத்தார்கள், அதில் இன்னும் நெருக்கமானவற்றைப் பிரிக்க முடிந்தது. இதற்கு ஒரு குடும்பமும் வேண்டாம், கன்று பிறக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

முதல்ல படிச்சது எந்த மாட்டோட ஜீனோம்? ஏன் அந்த மாடு?

அமெரிக்காவின் மொண்டானா மாநிலம், மைல்ஸ் சிட்டியில் உள்ள அரசு ஆய்வு நிலையத்தில் இருந்த ஒரு ஹியர்ஃபோர்டு இனப் பசு. பெயர் எல்1 டோமினெட் 01449. எல்1 என்றால் லைன் 1, 1934 முதல் வெளியிலிருந்து ரத்தம் சேர்க்காமல் தங்களுக்குள்ளேயே பெருக்கிய மந்தை.

நெருங்கிய உறவில் பெருக்குவது பண்ணைக்கு நல்லதில்லை என்று நாம் சொல்வோம், ஜீனோம் படிப்பவருக்கு அதுதான் வரம். தாயிடமிருந்து வந்த பிரதியும் தகப்பனிடமிருந்து வந்த பிரதியும் பல இடங்களில் ஒன்றாகவே இருக்கும், ஒட்டும்போது குழப்பம் குறையும். ஹூஸ்டனில் உள்ள பேய்லர் மருத்துவக் கல்லூரி படித்தது. பெரிய துண்டுகளைப் பாக்டீரியாவில் வைத்துக் காத்த குளோன் தொகுப்பு டோமினெட்டின் தகப்பன் காளையிடமிருந்து எடுத்தது. முதல் வரைவு 2004இல், முழுக் கட்டுரை 2009 ஏப்ரலில் சயின்ஸ் இதழில். 25 நாடுகளைச் சேர்ந்த 300க்கு மேற்பட்டவர்கள், 5.3 கோடி டாலர், குறைந்தது 22,000 மரபணுக்கள்.

ஒரே மாட்டுக்கு ரெண்டு ஜீனோம் வந்துச்சாமே, எது சரி?

பேய்லர் ஒட்டியது ஒன்று. அதே துண்டுகளை எடுத்து மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் சால்ஸ்பெர்க் குழு வேறு நிரலால் ஒட்டியது இன்னொன்று. மாடு ஒன்று, படித்த எழுத்துகள் ஒன்று, ஆனால் ஏராளமான இடங்களில் துண்டுகள் தலைகீழாக, இடம் மாறி, வேறு குரோமோசோமில் கூட இருந்தன. மேலே ஒட்டுவதைப் பற்றிச் சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

பல ஆண்டுகள் பெரும்பாலோர் மேரிலாண்டின் மூன்றாம் பதிப்பைத்தான் பயன்படுத்தினார்கள். அதிலும் தப்புகள் இருந்தன: டிஎன்ஏ இழையைக் கண்ணாடியில் நீட்டி வைத்துப் படம் பிடித்து எடுத்த ஒளி வரைபடத்தோடு 2015இல் ஒப்பிட்டபோது இரண்டிலுமே ஆயிரக்கணக்கான இடங்கள் ஒத்துப்போகவில்லை. பழைய கட்டுரையில் 'இந்த மரபணு இந்த இடத்தில்' என்று படித்தால் எந்தப் பதிப்பு என்று முதலில் பாருங்கள். ஒரு பதிப்பின் இட எண்ணை இன்னொன்றில் அப்படியே போட்டுத் தேடி மாதக் கணக்கில் அலைந்த மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இப்பதான் நீளமா படிக்கிற மெஷின் வந்துடுச்சே, பழைய வரைபடத்தைத் தூக்கிப் போட்டுடலாமா?

நீளமாகப் படிப்பது பெரிய மாற்றம்தான், மறுக்கவில்லை. ஒரு தடவைக்குப் பத்தாயிரக்கணக்கில் எழுத்து படித்தால் போவ்-பி போன்ற துண்டை ஒரே தாவலில் தாண்டிவிடலாம். டோமினெட்டையே திரும்பப் படித்து 2018இல் ஏஆர்எஸ்-யுசிடி 1.2 என்ற பதிப்பு வந்தது. முதல் ஜீனோமை விட 250 மடங்குக்கு மேல் தொடர்ச்சி, பாதி ஜீனோம் 2.5 கோடி எழுத்துக்கும் நீளமான இடைவெளியில்லாத துண்டுகளில் இருக்கிறது.

ஆனால் அதைக் குரோமோசோமாக அடுக்கிச் சரிபார்க்க எதைக் கொண்டுவந்தார்கள் தெரியுமா? ஒளி வரைபடத்தை, துண்டு மாற்றக் கணக்கில் வந்த வரைபடத்தை. ஐந்தாவது கேள்வியில் சொன்ன அதே பரம்பரைக் கணக்கு, இந்தத் தடவை ஹோல்ஸ்டீன் என்ற கறவை இனத்தின் பெரும் மந்தைகளிலிருந்து. சேர்ந்தே போகவேண்டிய இரண்டு இடங்கள் மந்தை முழுக்கப் பிரிந்து பிரிந்து போனால், எந்த மெஷின் படித்திருந்தாலும் அந்த ஒட்டு தப்பு.

ஒரு பேப்பர்ல 25ஆம் குரோமோசோம்னு இருக்கு, அதே மரபணு இன்னொண்ணுல 29ன்னு இருக்கு. யார் தப்பு?

பெரும்பாலும் யாரும் தப்பில்லை, எண் போட்ட முறை வேறு. ரெடிங் முறையும் பின்னால் வந்த முறைகளும் சிறிய குரோமோசோம்களில் முட்டிக்கொண்டன. 25, 27, 29 மூன்றும் ஆய்வகத்துக்கு ஆய்வகம் எண் மாறிக் கிடந்தன. பட்டை மங்கலாக வந்தால் இவற்றைப் பிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். 1995இல் டெக்சாஸில் முடிவு செய்த முறைதான் இன்று எல்லோரும் பின்பற்றுவது: ஒரு குரோமோசோமுக்கு ஒரு அடையாள மார்க்கர், எக்ஸ், ஒய் சேர்த்து 31. ஒளிரும் சாயம் ஏற்றிய மார்க்கரைத் தகட்டில் போட்டால் எந்தக் கொண்டை ஊசியில் இரண்டு பச்சைப் புள்ளி மின்னுகிறதோ அதுதான் அந்த எண்.

1/29ன்னு ஒரு கோளாறு சொல்றாங்களே, அது என்ன?

1ஆம் குரோமோசோமும் 29ஆம் குரோமோசோமும் சென்ட்ரோமியரில் ஒட்டிக்கொள்வது. 1964இல் ஸ்வீடனில் இங்கேமர் குஸ்தாவ்சன் கண்டுபிடித்தார். அப்படிப்பட்ட மாட்டுக்கு எண்ணினால் 59 வரும், கொண்டை ஊசிகளுக்கு நடுவே எக்ஸை விடப் பெரியதாக இரண்டு கை கொண்ட ஒன்று நிற்கும். பார்க்க மாடு நன்றாகவே இருக்கும். சினைப் பிடிப்பில்தான் குறை தெரியும், ஏனென்றால் சில கருக்களுக்கு ஒரு துண்டு கூடியோ குறைந்தோ போய் ஆரம்பத்திலேயே அழிந்துவிடும்.

ஒரு பசுவுக்கு இருந்தால் அந்தப் பண்ணையோடு போகும். சினை ஊசிக் காளைக்கு இருந்தால் அதன் மகள்களில் பாதிக்குப் போகும். இந்தியாவிலும் உறைவிந்து நிலையங்களுக்கான தர விதிகள் காளைகளுக்குக் குரோமோசோம் சோதனை கேட்பது இதனால்தான். இந்த ஒட்டு வெறும் ஒட்டு இல்லை, 29இன் ஒரு பகுதி தலைகீழாகத் திரும்பி 1இன் பக்கம் போயிருக்கிறது என்பது சரியான ஜீனோம் கையில் வந்தபிறகுதான் தெளிவானது.

இதெல்லாம் சரி, மாடு வளக்கறவனுக்கு என்ன கிடைச்சுது?

பால் கொழுப்பு 14ஆம் குரோமோசோமின் ஒரு நுனியோடு சேர்ந்து போகிறது என்று பரம்பரை வரைபடத்தில்தான் முதலில் தெரிந்தது. அந்த இடத்தை நெருக்கி நெருக்கி 2002இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்தில் மிஷெல் ஜார்ஜ் குழு டிகாட்-1 என்ற மரபணுவில் போய் நின்றது. அதில் ஒரு அமினோ அமில மாற்றம். லைசின் வடிவம் இருந்தால் கொழுப்புச் சதவீதம் கூடும், பால் அளவு குறையும். நம் நாட்டு மாடுகளில் கிட்டத்தட்ட எல்லாம் லைசின் வடிவம்தான், திக்கான பாலுக்கு இதுவும் ஒரு காரணம். ஏ1, ஏ2 என்று கடையில் பேசும் பீட்டா கேசின் 6ஆம் குரோமோசோமில், மற்ற கேசின் மரபணுக்களோடு பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது. கொம்பில்லாமல் பிறக்கவைக்கும் இடம் 1ஆம் குரோமோசோமில்.

பெரிய பலன் டிஎன்ஏவைச் சோதிக்கும் சிப். 54,001 இடங்களை ஒரே தடவையில் சோதிக்கும் சிப் வந்ததும், 2009 ஜனவரியில் அமெரிக்கா ஹோல்ஸ்டீன், ஜெர்சிக்கு ஜீனோம் மதிப்பீட்டை அதிகாரபூர்வமாக ஆரம்பித்தது. முன்பெல்லாம் ஒரு காளையின் தரம் தெரிய அதன் மகள்கள் வளர்ந்து கறக்கும்வரை ஐந்தாறு வருடம் காத்திருந்தார்கள், இப்போது கன்றாக இருக்கும்போதே கணிக்கிறார்கள். சிப்பில் இல்லாத இடங்களைப் பக்கத்து இடங்களைப் பார்த்துத்தான் ஊகித்து நிரப்புகிறார்கள். பக்கம் எது என்று வரைபடம் தப்பாகச் சொன்னால் ஊகமும் தப்பு.

டோமினெட் பசுவாச்சே, ஒய் குரோமோசோம் எங்கேருந்து வந்துச்சு? நம்ம நாட்டு மாட்டுக்கு அது பொருந்துமா?

சரியான இடத்தில் பிடித்தீர்கள். டோமினெட்டிடம் ஒய் கிடையாது. ஒய் பகுதிகளை அவள் தகப்பனின் குளோன்களிலிருந்து எடுத்தார்கள், ஆனால் ஒய் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும் பகுதி என்பதால் வெகுகாலம் ஓட்டையாகவே கிடந்தது. நுனி முதல் நுனி வரை முழுமையான மாட்டு ஒய் 2024இல்தான் வெளியானது, சுமார் 5.9 கோடி எழுத்து. செம்மறி ஆட்டினுடையதைப் போல இரண்டு மடங்குக்கு மேல்.

நம் மாட்டில் இன்னொன்றும் இருக்கிறது. ஐரோப்பிய மாட்டின் ஒய் சின்னதாக இரண்டு கை கொண்டது, திமில் மாட்டின் ஒய் கொண்டை ஊசி வடிவம். ஒரு காங்கேயம் காளையின் தகட்டில் ஒய்யைத் தேடினால் 25, 27க்கு நடுவே ஒளிந்துகொள்ளும், தனிப் பட்டை முறை போட்டால்தான் பிடிபடும். ஜெர்சி ஊசியில் பிறந்த கலப்பினக் காளையில் அது சட்டென்று தெரியும். ஆண்வழி எந்தப் பக்கத்து ரத்தம் என்று மைக்ரோஸ்கோப்பே சொல்லிவிடும்.

திமில் மாடும் ஐரோப்பிய மாடும் பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்த மூதாதைகளிலிருந்து தனித்தனியாக வீட்டுக்கு வந்தவை. டோமினெட்டை அளவுகோலாக வைத்து நம் மாட்டைப் படித்தால் அவளிடம் இல்லாத பகுதிகள் கண்ணிலேயே படாது. ஐரோப்பிய இனமான ஆங்கஸ் காளைக்கும் திமில் இனமான பிராமன் பசுவுக்கும் உருவான கருவை எடுத்து, தாய் தகப்பன் துண்டுகளை முதலிலேயே பிரித்து இரண்டு ஜீனோமாக ஒட்டியது பெரிய முன்னேற்றம். பிராமன் என்பது அமெரிக்காவில் காங்க்ரேஜ், ஓங்கோல், கிர், கிருஷ்ணா வேலி மாடுகளிலிருந்து உருவாக்கிய இனம்தான். ஆனாலும் அது உம்பளச்சேரியோ பர்கூரோ இல்லை. இந்தியாவில் தேசிய பால்வள மேம்பாட்டு வாரியத்தின் இண்டஸ்சிப், ஐதராபாத் தேசிய விலங்கு உயிரித்தொழில்நுட்ப நிறுவனம் 2021இல் கொண்டுவந்த இண்டிகாவ் சிப் இரண்டும் நல்ல தொடக்கம். நம் ஒவ்வொரு இனத்துக்கும் சொந்தமாக ஒட்டிய ஜீனோம் வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், இன்னும் சொல்வேன்.

எருமைக்கும் இதே வரைபடமா?

ஆச்சரியமாக, பெரும்பகுதி இதேதான். முர்ரா போன்ற நம் எருமைகளுக்கு 50 குரோமோசோம். மாட்டின் கொண்டை ஊசிகள் இரண்டிரண்டாக ஒட்டி ஐந்து ஜோடி இரண்டு கைக் குரோமோசோம் ஆகியிருக்கிறது: 1உம் 27உம், 2உம் 23உம், 8உம் 19உம், 5உம் 28உம், 16உம் 29உம். அதனால் மாட்டு மார்க்கரையே எருமைத் தகட்டில் போட்டு வரைபடம் தயாரிக்க முடிந்தது. தென்கிழக்கு ஆசியாவின் சதுப்பு எருமைக்கு இன்னொரு ஒட்டு சேர்ந்து 48. இரண்டும் சேர்ந்தால் 49 உள்ள கன்று பிறக்கும். மாடும் எருமையும் சேர்ந்து கன்று போடுமா என்று உடனே கேட்பார்கள். போடாது.

எங்க பண்ணையில ஒரு கிடேரி சினையே பிடிக்கல. குரோமோசோம் டெஸ்ட் எடுக்கணுமா, ரத்தம் எந்த டியூப்ல அனுப்பணும்?

முதலில் ஒன்று சொல்லுங்கள், அது காளைக்கன்றோடு இரட்டையாகப் பிறந்ததா? ஆம் என்றால் பத்தில் ஒன்பதுக்கு மேல் மலடுதான். வயிற்றுக்குள்ளேயே இரண்டின் ரத்தமும் கலந்து, கிடேரியின் இனப்பெருக்க உறுப்பு வளராமல் போய்விடும். தகட்டில் பார்த்தால் சில செல்லில் இரண்டு எக்ஸ், சில செல்லில் எக்ஸ், ஒய். இரட்டை இல்லை என்றால் தீவனம், தாது உப்பு, கருப்பைப் பரிசோதனை எல்லாம் முடித்துவிட்டு அப்புறம் குரோமோசோமுக்கு வாருங்கள்.

டியூப் விஷயத்தில்தான் நிறைய மாதிரிகள் வீணாகின்றன. குரோமோசோம் பார்க்க உயிருள்ள செல் வேண்டும், இரண்டாவது கேள்வியில் சொன்ன மாதிரி வளர்க்க வேண்டும், அதனால் பச்சை மூடி ஹெப்பாரின் டியூப். ஃப்ரீசரில் வைக்கக் கூடாது, ஐஸ் பாக்ஸில் வைத்து மறுநாளுக்குள் ஆய்வகம் போய்ச் சேரவேண்டும். சிப் சோதனைக்கும் ஏ2 சோதனைக்கும் டிஎன்ஏ மட்டும் போதும், ஊதா மூடி ஈடிடிஏ டியூப், உறைந்தாலும் பரவாயில்லை. ஆய்வகம் ஏற்றுக்கொண்டால் வேரோடு பிடுங்கிய வால் முடி கூடப் போதும். டியூப்பில் மாட்டின் காது வில்லை எண்ணை எழுதுங்கள். 'லட்சுமி' என்று மட்டும் எழுதி ஒரே நாளில் மூன்று டியூப் வந்திருக்கிறது.